உள்ளே பச்சை

யாரும் கேட்காமல், யாரும் கூலி தராமல், தன் சொந்தக் காரியம் என்று ஒன்றை எடுத்துக்கொண்டு வருஷக்கணக்கில் விடாமல் செய்தவர்களைப் பற்றிப் பேச நம்மிடம் இரண்டே சொற்கள் இருக்கின்றன. ஒன்று வைராக்கியம், மற்றது பைத்தியம். காரியமும் முடிந்து ஆளும் போய்ச் சேர்ந்துவிட்டால் முதலாவது. காரியம் முடியாமல் ஆள் நம்மிடையே நடமாடிக்கொண்டிருந்தால் இரண்டாவது. இரண்டுமே அந்த ஆளின் சுபாவத்தைப் பற்றிய தீர்ப்புகள். காரியம் எப்படி நடந்தது என்பதைப் பற்றி இரண்டும் ஒன்றும் சொல்வதில்லை.

சி.சு. செல்லப்பா விஷயத்தில் இரண்டும் சொல்லப்பட்டாயிற்று. 1959 ஜனவரியில் ‘எழுத்து’வை ஆரம்பித்து 1970 வரை 119 இதழ்கள் கொண்டுவந்தார். புத்தக மூட்டையைச் சுமந்துகொண்டு ஊர் ஊராக, கல்லூரி கல்லூரியாக ஏறி இறங்கினார். எண்பது வயதுக்கு மேல், ‘சுதந்திர தாகம்’ என்ற மூன்று பாக நாவலைத் தானே அச்சிட்டு 1997-ல் வெளியிட்டார். 1998-ல் அவர் காலமான பின், 2001-ல் சாகித்திய அகாதமி அதற்குப் பரிசு கொடுத்தது. இவையெல்லாம் நம் வட்டத்தில் திரும்பத் திரும்பச் சொல்லப்பட்டு நாயன்மார் கதைபோல ஆகிவிட்டன. கேட்கிறவனுக்குக் கண் கலங்குகிறது. கலங்கிய கையோடு வேறு பேச்சுக்குப் போய்விடுகிறான். எனக்கு இந்தக் கதைகளில் சிரத்தை குறைந்துவிட்டது. நான் தெரிந்துகொள்ள விரும்புவது அற்பமான ஒரு விஷயம். முப்பத்தேழாவது இதழிலிருந்து முப்பத்தெட்டாவது இதழுக்கு அந்த மனிதர் எப்படிப் போனார்? முதல் இதழுக்கு உற்சாகம் இருந்திருக்கும். நூறாவது இதழுக்கு ஒரு வீம்பாவது இருந்திருக்கும். முப்பத்தெட்டுக்கு என்ன இருந்தது?

இதைக் கேட்பதற்கு எனக்கு ஒரு சுயநலமான காரணம் உண்டு. 2018-லிருந்து நான் ‘எழுத்து’ 119 இதழ்களுக்கும் ஒரு அட்டவணை தயாரித்து வருகிறேன். ஆசிரியர் பெயர், தலைப்பு, என்ன வகை, எந்த இதழ், எந்தப் பக்கம், மறுபிரசுரமா, மொழிபெயர்ப்பா, பின்னால் எந்தப் புத்தகத்தில் சேர்ந்தது, யாருக்கு யார் எழுதிய மறுப்பு. ஒரு விஷயத்துக்கு ஒரு சீட்டு. வேலூரில் இருந்துகொண்டு ஆம்பூரில் ஒரு வங்கியில் குமாஸ்தாவாக இருப்பவன் செய்யக்கூடிய காரியம் இது. இதற்குப் பெரிய அறிவு வேண்டாம், எண்களைச் சரியாக எழுதும் கை வேண்டும்; அது எனக்கு உத்தியோகத்தோடு வந்தது. பி.ஏ.யில் ஆங்கிலம் படித்ததனால் கிடைத்த ஒரே லாபம், நல்ல புத்தகங்களின் பின்னால் நல்ல அட்டவணை இருக்கும் என்பதைச் சின்ன வயதிலேயே பார்த்துவிட்டதுதான். தமிழ் விமர்சன நூல்களைக் கடைசிப் பக்கத்திலிருந்து திறந்து பார்த்தால் பெரும்பாலும் விலைப் பட்டியல் இருக்கும்.

அட்டவணை எதற்கு என்று இந்தப் பத்திரிகையின் வாசகர்களுக்கே சொல்ல வேண்டியிருப்பது கொஞ்சம் வருத்தம்தான். நம்முடைய இலக்கியச் சண்டைகளில் பாதி ஞாபகத்தை வைத்துக்கொண்டு போடப்படுகிறவை. ‘எழுத்து’வில் இன்னார்தான் முதலில் எழுதினார், இன்னாரைச் செல்லப்பா போட மறுத்தார், இன்ன கட்டுரைக்குப் பதிலே வரவில்லை என்று அடித்துப் பேசுகிறவர்களில் எத்தனை பேர் இதழைக் கையில் எடுத்துப் பார்த்தவர்கள்? பெயர்களிலேயே எத்தனை குழப்பம்! மயன் என்ற பெயரில் கவிதை எழுதியவர் க.நா.சு. பசுவய்யா சுந்தர ராமசாமி. நகுலன் டி.கே. துரைஸ்வாமி. திருகோணமலையிலிருந்து எழுதிய தருமு சிவராமு பின்னால் பிரமிள் ஆனார். அதற்கு நடுவிலும் அதற்குப் பிறகும் பெயரை மாற்றிக்கொண்டே இருந்தார். அட்டவணைக்காரனுக்கு அவர் ஒருவர் போதும், தூக்கம் கெட. ஒரே ஆள் இரண்டு பெயரில் வந்தால் இரண்டு சீட்டு, இரண்டையும் கோக்க மூன்றாவது சீட்டு. இப்படித்தான் போகிறது.

போகிறது என்று சொல்லக்கூடிய நிலைக்கு அது வந்ததற்கு ஒரு தோல் ஷாப்புதான் காரணம்.

தோல் தொழிலுக்குக் கடன் கொடுத்த வங்கி, அடமானச் சரக்கு உண்மையில் இருக்கிறதா என்று அவ்வப்போது போய்ப் பார்க்க வேண்டும். மேனேஜர் போகும்போது குறிப்பெடுக்கத் துணைக்கு நானும் போவதுண்டு. எங்கள் பக்கத்தில் இன்று பெரும்பாலும் குரோம்தான். பெரிய மர டிரம்கள் உருண்டுகொண்டிருக்கும். ஆனால் பேரணாம்பட்டுப் பக்கம் ஒரு பழைய இடத்தில் பட்டைத் தொட்டிகளை இன்னும் மூடவில்லை. உப்புப் போட்டு வந்த பச்சைத் தோல் தண்ணீரில் ஊறி, சுண்ணாம்புத் தொட்டியில் சில நாள் கிடந்து, மயிர் கழன்று, சதைப் பக்கம் சீவப்பட்டு, சுண்ணாம்பு போகக் கழுவப்பட்டு, அதற்குப் பிறகுதான் பட்டைத் தண்ணீருக்கு வருகிறது. ஒரு காலத்தில் அது முழுக்க ஆவாரம்பட்டை. பிற்பாடு ஆப்பிரிக்காவிலிருந்து வந்த வாட்டில் மரத்தின் பட்டையும் சாறும் சேர்ந்துகொண்டன. கடைசியில் கடுக்காய்த் தண்ணீர், எண்ணெய், நிழலில் உலர்த்தல். மாட்டுத்தோல் ஒன்று இந்தப் பாதையைக் கடக்க வாரக்கணக்காகிறது.

மேனேஜர் தொட்டிகளை எண்ணிக்கொண்டிருந்தார். தொட்டிகள் வரிசையாக இருந்தன. ஒன்றில் தண்ணீர் வெளுத்த தேநீர் மாதிரி, அடுத்ததில் இன்னும் கொஞ்சம் அடர்த்தி, கடைசியில் கஷாயம். புதிதாக வந்த தோலை வெளுத்த தண்ணீரில் இறக்கினார்கள். அது ஏற்கனவே பல தோல்களைப் பார்த்துச் சத்து இழந்த பழைய தண்ணீர். நல்ல புதுச் சாறு இருக்கும்போது ஏன் புதுத் தோலைக் கழிவுத் தண்ணீரில் போடுகிறார்கள் என்று மேஸ்திரியைக் கேட்டேன். வயதானவர்.

“மொதல்லயே காரமாப் போட்டா மேல மட்டும் சட்டுனு புடிச்சிக்கும் சார். அப்புறம் நீ எத்தினி நாள் போட்டாலும் உள்ள போவாது. மேல பாத்தா நல்லா பழுத்தாப்ல இருக்கும், நடுவுல பச்சையா நிக்கும்” என்றார்.

“அதை எப்படிக் கண்டுபிடிப்பீர்கள்?”

“ஓரத்துல வெட்டிப் பாப்போம்.”

அவர் ஒரு தோலின் ஓரத்தைக் கத்தியால் சீவி வெட்டுமுகத்தைக் காட்டினார். இரண்டு பக்கமும் பழுப்பு ஏறியிருந்தது. நடுவில் மெல்லிய வெளிறிய கோடு. அந்தக் கோடு மறையும்வரை தோல் தொட்டியில்தான் இருக்க வேண்டும். தினமும் தூக்கி, புரட்டி, நாளாக நாளாக அடுத்த காரத்துக்கு மாற்றிக்கொண்டே போக வேண்டும்.

இதன் ரசாயனத்தைப் பின்னால் படித்துத் தெரிந்துகொண்டேன். பட்டையின் துவர்ப்புச் சத்து தோலின் புரதத்தோடு ஒட்டிக்கொள்கிறது. காரம் அதிகமாக இருந்தால் மேற்பரப்பிலேயே எல்லாம் ஒட்டி அடைத்துவிடுகிறது. பின்னால் வருவதற்கு வழி இல்லை. இதைவிட என்னை ஆச்சரியப்படுத்தியது குரோம் சமாசாரம். வாரங்களை மணிகளாகச் சுருக்கிய அவசரக்கார முறை அது என்றுதான் நான் நினைத்திருந்தேன். அதிலும் இதே தந்திரம் இருக்கிறது. குரோம் உப்பைப் போடுவதற்கு முன் தோலை அமிலத்திலும் உப்பிலும் ஊறவைக்கிறார்கள். அந்த அமிலத்தின் வேலை, குரோம் உடனே பற்றிக்கொள்ளாமல் தடுப்பது. பற்றாமல் இருந்தால்தான் அது உள்ளே வரை போகும். நடுவரை போய்ச் சேர்ந்த பிறகே, கொஞ்சம் கொஞ்சமாகச் சோடாவைச் சேர்த்து அமிலத்தைக் குறைத்து, பிடிக்க வைக்கிறார்கள். முதலில் ஊடுருவல், பிறகு பிடிப்பு. வேகத்துக்குப் பேர்போன முறையும் ஆரம்பத்தில் ஒரு மந்தத்தைத் தானே உண்டாக்கிக்கொள்ள வேண்டியிருக்கிறது.

இங்கே ஒரு எச்சரிக்கை எனக்கு நானே சொல்லிக்கொள்ள வேண்டும். உவமைக்குத் தோல் ஷாப்பு சுலபமாகக் கிடைக்கிறது, அதுவும் தொட்டிக்குள் இறங்காதவனுக்கு. அந்த மேஸ்திரியின் கால்களைப் பார்த்தவன் அதைக் காவியமாக்கத் துணிய மாட்டான். 2015 ஜனவரியில் ராணிப்பேட்டையில் தோல் கழிவுச் சுத்திகரிப்பு நிலையத் தொட்டியின் சுவர் இடிந்து, தூங்கிக்கொண்டிருந்த பத்துத் தொழிலாளர்கள் சேற்றில் மூழ்கிச் செத்தார்கள். பாலாற்று மணலுக்கடியில் இருந்த தண்ணீர் என்னவாயிற்று என்பது ஊர் அறிந்தது. விடாமல் செய்வது பற்றி எழுதுகிறவன் இந்தப் பிரதேசத்தில் முதலில் பெயர் சொல்ல வேண்டியது, சொல்லப்போனால், இலக்கியக்காரர்களை அல்ல. வேலூர் குடிமக்கள் நலப் பேரவை உச்ச நீதிமன்றத்தில் மனுப் போட்டது 1991-ல். தீர்ப்பு வந்தது 1996 ஆகஸ்டில். சுற்றுச்சூழல் வழக்குகளில் இன்றும் மேற்கோள் காட்டப்படும் தீர்ப்பு. அதோடு முடிந்ததா? இழப்பீடு, கணக்கெடுப்பு, மேல்மனு என்று இழுத்து, 2025 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் பாலாற்றைப் பற்றி மறுபடியும் உத்தரவிட வேண்டியிருந்தது. முப்பத்துநாலு வருஷம். இவர்களை யாரும் வைராக்கியசாலிகள் என்று பாடவில்லை. வாய்தா தேதிக்கு யாராவது ஒருவர் கட்டோடு போய் நிற்க வேண்டும், நின்றிருக்கிறார்கள்.

வாய்தாத் தேதி என்பது முக்கியம் என்று எனக்குத் தோன்றுகிறது. மனசின் கொதிநிலையைப் பொறுத்ததல்ல அது. நம் சிறுபத்திரிகைகளின் முதல் இதழ்த் தலையங்கங்களை வரிசையாக வைத்துப் படித்தால் கஷாயத் தொட்டியில் இறக்கிய தோல்கள் என்பது விளங்கும். தமிழ்ச் சூழலின் மலினம், சமரசம், வணிகம் என்று அவ்வளவு காரமும் முதல் பக்கத்தில் இருக்கும். மூன்றாவது இதழில் பத்திரிகை நின்றுவிடும். பணம் இல்லாததால் நின்றது என்போம், சந்தாதாரர்களைத் திட்டுவோம். பணமும் காரணம்தான். ஆனால் அந்த முதல் தலையங்கத்திலேயே ஆசிரியருக்குத் தான் செய்ய வேண்டியதைச் செய்துவிட்ட திருப்தி வந்துவிடுகிறது. மேல் தோல் பழுத்துவிட்டது. நண்பர்கள் பாராட்டிக் கடிதம் எழுதியாயிற்று. இனி உள்ளே போக என்ன இருக்கிறது? கவிதை விஷயத்திலும் இதைப் பார்க்கலாம். முதல் தொகுதியிலேயே ஒரு பாணி கெட்டிப்பட்டு, பிறகு எந்த அனுபவமும் உள்ளே இறங்க முடியாமல் இருபது வருஷமாக அதே மெருகோடு எழுதிக்கொண்டிருப்பவர்களின் பெயர்களை நான் சொல்லத் தேவையில்லை. ஓரத்தில் வெட்டிப் பார்க்க நம்மிடம் விமர்சகர்கள் இல்லை, அவ்வளவுதான். இருக்கிறவர்களும் மேல் மெருகைத் தடவிப் பார்த்துவிட்டு ‘முக்கியமான வரவு’ என்று எழுதுகிறார்கள்.

பேரணாம்பட்டிலிருந்து திரும்பிய வாரத்தில் அட்டவணைக்கு ஒரு விதி ஏற்படுத்திக்கொண்டேன். காலையில் நாலு சீட்டு. நாலுக்குக் குறையக் கூடாது என்பதில் அதிசயமில்லை, எல்லோரும் சொல்வதுதான். நாலுக்கு மேலும் போகக் கூடாது. உற்சாகம் பீறிடும் ஞாயிற்றுக்கிழமையிலும் நாலுதான். ஐந்தாவது சீட்டுக்கு உரிய விஷயம் கண்ணெதிரே இருந்தாலும் பேனாவை மூடிவிட வேண்டும். இந்த இரண்டாவது பாதிதான் கஷ்டம். ஆனால் அதனால்தான் மறுநாள் காலை உட்காரும்போது எங்கே தொடங்குவது என்ற மலைப்பு இல்லை. நேற்று மிச்சம் வைத்தது காத்திருக்கிறது. மிச்சம் வைத்த விஷயம் பஸ்ஸில் கூடவே வருகிறது. வேலூரிலிருந்து ஆம்பூருக்கு ஒன்றேகால் மணி நேரம். நகைக்கடன் கவுண்ட்டரில் சங்கிலியைத் தராசில் வைக்கும்போது, நேற்றைய மறுப்புக் கடிதம் எந்தக் கட்டுரைக்குப் போட்ட மறுப்பு என்பது சட்டென்று பிடிபடும். சீட்டு எழுதும் அரை மணியில் நடப்பதைவிட, எழுதாத இருபத்துமூன்றரை மணியில் நடப்பதே அதிகம் என்பது இப்போது எனக்குத் தெரிகிறது. தொட்டியில் தோல் சும்மாதானே கிடக்கிறது.

இப்போது முப்பத்தெட்டாவது இதழுக்கு வருகிறேன்.

இதழ்களை வரிசையாக, ஒன்றையும் தாண்டாமல், சீட்டெழுதும் மந்த கதியில் படிக்கிறவனுக்குத் தெரிகிற செல்லப்பா வேறு. கதைகளில் வருகிற எரிமலை அல்ல. மாதம் பிறந்தால் பக்கங்களை நிரப்ப வேண்டிய ஒரு மனிதர். விஷயம் வராத மாதத்தில் தானே எழுதுகிறார். தன் நாவல் ‘ஜீவனாம்சம்’ இதில்தான் தொடராக வந்தது. சொத்தை இதழ்கள் இருக்கின்றன. நான் இதைச் சொன்னால் சிலர் கோபித்துக்கொள்வார்கள்; கோபிக்கட்டும். சொத்தை இதழையும் கொண்டுவருவதற்கு அவர் தயாராக இருந்தார் என்பதுதான் விஷயம். நாமாக இருந்தால் தரம் கெட்டுவிடும் என்று சொல்லி இரண்டு மாதம் தள்ளிப்போட்டு, தள்ளிப்போட்டதை ஒரு கொள்கையாக ஆக்கி, நிறுத்தியிருப்போம். அவர் தரம் பற்றி நம் எல்லோரையும்விட உரத்துப் பேசியவர். ஆனால் தேதி தரத்துக்குக் கட்டுப்பட்டதல்ல என்பதையும் அறிந்திருந்தார். கடைசியில் காலாண்டிதழாகச் சுருங்கியபோதும் அடுத்த எண் அடுத்த எண்ணாகவே வந்தது.

இப்படி வந்துகொண்டே இருந்ததில்தான் இன்னொன்று நடந்தது. ‘எழுத்து’ புதுக்கவிதைக்காக ஆரம்பிக்கப்பட்ட பத்திரிகை அல்ல. விமர்சனத்துக்காக ஆரம்பிக்கப்பட்டது. செல்லப்பா சிறுகதைக்காரர், விமர்சனத்தில் ஒரு முறையை நிலைநாட்ட வேண்டும் என்று வந்தவர். கவிதை அவர் திட்டத்தின் நடுவில் இல்லை. ஆனால் ந. பிச்சமூர்த்தி இருந்தார், அவரைப் படித்துவிட்டு எங்கெங்கோ இருந்த இளைஞர்கள் தபாலில் அனுப்ப ஆரம்பித்தார்கள். 1962-ல் ‘புதுக்குரல்கள்’ தொகுப்பு வந்தபோது அதில் 24 கவிஞர்களின் 63 கவிதைகள். அட்டவணையில் இது படிப்படியாகத் தெரிகிறது. கவிதைச் சீட்டுகளின் கட்டு பருத்துக்கொண்டே வருகிறது. பத்திரிகை ஆறாவது இதழில் நின்றிருந்தால் தமிழ் விமர்சன வரலாற்றில் ஒரு அடிக்குறிப்பு கிடைத்திருக்கும். நிற்காமல் இருந்ததனால், ஆசிரியர் எதிர்பாராத ஒன்று உள்ளே இறங்க அவகாசம் கிடைத்தது. விடாமல் செய்வது என்றால் முதல் நாள் போட்ட திட்டத்துக்கு விசுவாசமாக இருப்பது என்று நாம் நினைக்கிறோம். திட்டத்தையே அரித்து வேறாக்கிவிடக்கூடிய ஒன்றுக்கு வாசலைத் திறந்து வைத்திருப்பது என்றுதான் எனக்குப் படுகிறது.

ஆ. சிங்காரவேலு முதலியார் விஷயத்திலும் இதுதான். சென்னைப் பச்சையப்பன் பள்ளியில் தமிழ் பண்டிதர். 1890-ல் அவர் தொகுக்க ஆரம்பித்தது புராணப் பெயர்களின் ஒரு பட்டியல். அது இருபது வருஷம் வளர்ந்து 1910-ல் ‘அபிதான சிந்தாமணி’ என்ற கலைக்களஞ்சியமாக வெளிவந்தது. அச்சிட உதவி கேட்டுப் பல பெரிய மனிதர்களின் வாசலில் நின்று வெறுங்கையோடு திரும்பிய கதையை அவரே முன்னுரையில் எழுதியிருக்கிறார். பிறகு பாண்டித்துரைத் தேவரும் மதுரைத் தமிழ்ச் சங்கமும் கைகொடுக்க, புத்தகமாயிற்று. இதில் என்னை நிறுத்தி யோசிக்க வைப்பது வேறொரு தேதி. 1902-ல் யாழ்ப்பாணத்திலிருந்து ஆ. முத்துத்தம்பிப் பிள்ளையின் ‘அபிதான கோசம்’ வந்துவிட்டது. அதே வகையான நூல், அச்சாகிக் கைக்குக் கிடைக்கிறது; இங்கே இவர் பன்னிரண்டு வருஷக் குறிப்புகளோடு உட்கார்ந்திருக்கிறார். ‘நமக்கு முன்னால் ஒருவர் செய்துவிட்டார்’ என்பதைவிட மரியாதையான வெளியேறும் வழி எந்தத் தொகுப்பாளனுக்கும் கிடைக்காது. அவர் அதன் வழியாக வெளியேறவில்லை. இன்னும் எட்டு வருஷம் சேர்த்தார். 1910-க்குப் பிறகும் நிறுத்தவில்லை. 1931-ல் அவர் இறந்தபின் மகன் 1934-ல் கொண்டுவந்த இரண்டாம் பதிப்புதான் இன்று நாம் புரட்டுகிற தலையணை.

எனக்கும் ஒரு 1902 உண்டு. பழைய பத்திரிகைகளெல்லாம் ஸ்கேன் ஆகிக்கொண்டிருக்கின்றன. இன்னும் கொஞ்ச காலத்தில் பெயரைத் தட்டினால் கம்ப்யூட்டரே எல்லாப் பக்கங்களையும் கொண்டுவந்து கொட்டிவிடும், நீ எதற்கு மைப்பேனாவோடு என்று ஒரு இளம் நண்பர் கேட்டார். நியாயமான கேள்வி. பழைய ஈய எழுத்து அச்சை இன்றைய கருவிகள் தடுமாறித்தான் படிக்கின்றன, அது சீக்கிரம் சரியாகிவிடலாம். ஆனால் மயன் என்று தட்டினால் மயன்தான் வருவார். அசுர சிற்பியும் வருவார். அவர் க.நா.சு. என்பதை ஒருவர் எங்காவது எழுதிவைத்திருக்க வேண்டும். மறுப்பு என்று தலைப்பிடாமல் எழுதப்பட்ட மறுப்பை, இரண்டையும் படித்தவன்தான் கோக்க முடியும். இந்த வாதம் எவ்வளவு காலம் நிற்கும் என்பதற்கு நான் உத்தரவாதம் இல்லை. அதற்காக நாளைக் காலையின் நாலு சீட்டை நிறுத்த வேண்டியதில்லை.

வாணியம்பாடியிலிருந்து ஆலங்காயம் தாண்டி ஜவ்வாது மலையில் ஏறினால் காவலூர். வைணு பாப்பு கொடைக்கானல் வானாய்வகத்துக்கு 1960-ல் இயக்குநராக வந்தவர். பெரிய தொலைநோக்கி ஒன்று இந்தியாவிலேயே செய்யப்பட வேண்டும் என்பது அவர் ஆசை. ஆனால் காவலூரில் 1968-ல் வேலை தொடங்கியது 38 சென்டிமீட்டர் கருவி ஒன்றோடு. 1972-ல் ஒரு மீட்டர் ஸைஸ் தொலைநோக்கி ஜெர்மனியிலிருந்து வந்தது. அதை வைத்து வியாழனின் துணைக்கோள் கானிமீடை ஆராய்ந்தார்கள், 1977-ல் யுரேனஸின் வளையங்களுக்குச் சாட்சி சொன்னார்கள். பெரியதற்கு 2.34 மீட்டர்க் கண்ணாடியைத் தேய்த்துக்கொண்டே இருந்தார்கள். கண்ணாடி தேய்ப்பதும் அவசரத்துக்கு அடங்காத வேலை. தேய்ப்பதும் அளப்பதுமாகப் போகும். பாப்பு 1982-ல் ம்யூனிக்கில் இறந்துபோனார். கருவி 1986 ஜனவரியில் நாட்டுக்கு அர்ப்பணிக்கப்பட்டது, அவர் பெயரோடு. செல்லப்பாவின் காரியத்துக்கும் இதற்கும் ஒரு வித்தியாசம் உண்டு. இதை வேறு கைகளால் முடிக்க முடிந்தது. அளவுகள் எழுதப்பட்டிருந்தன, கற்றுக்கொண்டவர்கள் இருந்தார்கள். காவலூர் போய் வந்த பின் என் சீட்டுகளில் ஒரு மாறுதல் செய்தேன். எனக்கு மட்டும் புரிகிற சுருக்கக் குறிகளை விட்டுவிட்டு, பெட்டியின் முதல் சீட்டில் எல்லாக் குறிகளுக்கும் விளக்கம் எழுதி வைத்தேன். வீட்டில் யாராவது பெட்டியைத் திறந்தால் பழைய பேப்பர்காரனிடம் போடுவதற்கு முன் அதைப் படிக்கலாம்.

வீட்டைப் பற்றிச் சொல்லாமல் இந்தக் கட்டுரையை முடிப்பது நாணயமாகாது. குமாஸ்தா அதிகாரியாவதற்கான பரீட்சைக்கு நான் இரண்டு முறை விண்ணப்பிக்கவில்லை. அதிகாரியானால் சம்பளம் ஏறும். எந்த மாநிலத்துக்கு வேண்டுமானாலும் மாற்றல் வரும். என் போட்டோ நகல்களும், சந்தேகம் வந்தால் ரயிலேறிப் போய்ப் பார்க்கச் சென்னை நூலகங்களும் இங்கே இருக்கின்றன. “அட்டவணைதானே? ஆபீசர் ஆயிட்டு ரிட்டயர் ஆன பிறகு போடக் கூடாதா?” என்று மனைவி கேட்டாள். குத்தலாகக் கேட்கவில்லை, பெண்ணின் பள்ளிக் கட்டண ரசீது மேஜை மேல் இருந்தது. இந்த வருஷமும் சுற்றறிக்கை வந்திருக்கிறது.

இதே ஜில்லாவில், திருப்பத்தூர்த் தாலுகா ஆபீசில் ஒரு குமாஸ்தா இருந்தார். உடம்புக்கு முடியாமல் அந்த வேலையை விட்டுவிட்டு, தனியாகத் தமிழ் படித்து, 1935-ல் வித்துவான் பரீட்சையில் மாகாணத்தில் முதலாவதாக வந்து, 1948-ல் சென்னைப் பல்கலைக்கழகத்தில் டாக்டர் பட்டம் வரை போனார். மு. வரதராசனாரின் நாவல்களைப் பற்றி என் அபிப்பிராயம் இந்த வட்டத்தில் தெரிந்ததுதான். அதை மாற்றிக்கொள்ள ஒன்றும் நேரவில்லை. ஆனால் அந்தக் குமாஸ்தாவின் மேல் எனக்கு ஒரு பொறாமை உண்டு. அவர் படித்த படிப்பு ஒவ்வொரு படியிலும் ஒரு பட்டமாக மாறியது. வீட்டில் காட்ட முடிந்தது. என்னுடையது எந்தப் படியிலும் எதுவாகவும் மாறாது.

வங்கியில் சரக்குப் பட்டியல் மூன்று பத்திகளாக இருக்கும்: கச்சாப் பொருள், வேலையில் இருப்பது, முடிந்த சரக்கு. நடுப்பத்தியில் உள்ள தோல்களுக்கும் நாங்கள் மதிப்புப் போடுகிறோம். அவற்றின் மேலும் கடன் கொடுக்கிறோம். தொட்டிக்குள் கிடக்கிற, பச்சையும் அல்லாத, தோலும் அல்லாத அந்தப் பண்டத்துக்குக் காகிதத்தில் ஒரு தொகை உண்டு. இலக்கியத்தில் நடுப்பத்தியே கிடையாது. இதை என் மனைவியிடம் ஒருநாள் சொன்னேன். “அப்போ அதுக்கு என்ன தொகைன்னு போட்டுக் குடுங்களேன், பாப்போம்” என்றாள். பட்டியல் போட்டுப் பார்த்தேன். 83 இதழ்கள் முடிந்திருந்தன. காகிதம், போட்டோ நகல், ரயில் செலவு எல்லாம் வந்தது. எழுதாமல் போன இரண்டு பரீட்சைகளுக்கு எதிரே எந்த எண்ணைப் போடுவது என்பது மட்டும் நிற்கிறது. விண்ணப்பத்துக்கு இந்த மாதக் கடைசி வரை தேதி இருக்கிறது.

இப்போது 84-வது இதழில் இருக்கிறேன். என்னிடம் உள்ள நகல் யாரோ பைண்டு செய்த தொகுதியிலிருந்து எடுத்தது. தைக்கிற பக்கத்தில் சில வரிகள் மடிப்புக்குள் போய்விட்டன, பின் அட்டையையும் பைண்டர் கிழித்திருக்கிறார். அட்டை உள்பக்கத்தில் அறிவிப்புகள் இருந்தால் அவற்றுக்கும் சீட்டு வேண்டும். 84-க்கு மேற்பட்ட இதழ்களைத் தனித்தனியாக, அட்டையோடு வைத்திருப்பவர்கள் இந்தப் பத்திரிகை ஆசிரியருக்கு ஒரு வரி எழுதினால் நானே வந்து பார்த்துக்கொள்கிறேன். எடுத்துப் போக மாட்டேன். ஞாயிற்றுக்கிழமை காலை சௌகரியம்.